கெண்டைக்கால் சதை

மீனா,

நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்ன செய்திக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் என்றாய். ரமேஷ் பக்கத்தில் நின்று சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் "அப்படியா, நேரத்துக்குச் சாப்பிடு" என்றேன், அவ்வளவுதான். "என்னம்மா, உங்களுக்குச் சந்தோசமா இல்லையா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் உண்டானதைக் கேட்டுவிட்டு இப்படி உட்கார்ந்திருந்தவள் இந்தக் கோலசிலாங்கூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்று காலை எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நான் மறுபடியும் அடுப்பைத் தேடிக்கொண்டு ஓடுவேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலை நம்பி இன்னும் இரண்டு நாள் கடத்த மாட்டேன். ஏற்கெனவே கடத்தியது போதும்.

உன் அண்ணன் தேவாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து கால் விழுந்துவிட்டது என்றுதான் உன்னிடம் சொல்லி வளர்த்தேன். அவன் போனபோது அவனுக்குப் பதினாறு, உனக்கு ஐந்து. சக்கர நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்ததும், உனக்குப் பென்சில் சீவிக் கொடுத்ததும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் படங்களையெல்லாம் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பார்த்தால் அழுகை வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அழுகை வந்தது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் எடுத்து வைக்கவில்லை. நீ வளர்ந்து, விவரம் தெரிந்து, அந்தப் படங்களை உற்றுப் பார்த்துவிடுவாயோ என்ற பயமும் இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்து கால் விழவில்லை மீனா. அது பொய்.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு நல்ல சமயம் வாய்த்தது. போன தீபாவளிக்கு மறுவாரம் நீ மட்டும் ரவாங் வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாயே, அப்போது. ஏதோ வெளிநாட்டு மியூசியத்துக்கு வரைந்து கொடுக்கிற டைனோசர் படம் என்றாய். டைனோசர் என்றதும் லோரி அளவுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டேன். நீயோ கோழி அளவில் ஓர் எலும்புக்கூட்டின் படத்தைக் காட்டினாய். அதற்கு உடம்பெல்லாம் இறகு இருந்ததாம். பார்க்கப் பறவை மாதிரி இருந்தாலும் வாயில் பல்லும், கையில் நகமும், நீட்டு வாலும். "இறகை அப்புறம் வேற ஆளு வரைவாங்கம்மா. எனக்குச் சதை மட்டும்தான்" என்றாய். இறகு போர்த்தி மூடப்போகிற உடம்புக்குள் இருக்கிற சதையை எதற்கு இத்தனை மெனக்கெட்டு வரைய வேண்டும் என்று கேட்டேன். "உள்ள தப்பா இருந்தா வெளிய எல்லாமே தப்பாயிடும்லா" என்றாய். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

காலைச் சந்தையில் வெட்டாத முழுக் கம்பத்து நாட்டுக்கோழி வாங்கி வரச்சொன்னாய். பின்பக்கச் சமையல்கட்டு மேசையில் பேப்பரை விரித்து, அதைத் தோலுரித்து, சின்னக் கத்தியால் சதை சதையாகப் பிரித்தாய். குழம்புக்கு வெட்டுகிறவளுக்கு அது அரை மணி நேர வேலை. நீ மூன்று நாள் எடுத்துக்கொண்டாய். நடுவில் அதை என் ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தாய். மூன்றாம் நாள் கொஞ்சமும் வெட்கமில்லாமல் "இனி குழம்பு வைக்கலாம்மா" என்று வேறு சொன்னாய். வீடு நாறிப்போனது. ஆனாலும் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது. எலும்பை ஒட்டியிருக்கும் சதையை முதலில் வரைந்து, அதற்கு மேலே அடுத்தது, அதற்கு மேலே அடுத்தது என்று ஒவ்வொரு தாளாக அடுக்கினாய். கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால் செத்துப்போன ஒன்றுக்குச் சதை எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும் என்றேன். எலும்புப் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த மேடு சொரசொரப்பா இருக்கு பாருங்க. சதை புடிச்சு இழுத்த எடம்மா இது. சதை அழுகிப் போச்சு, இழுத்த தடம் போகல" என்றாய். நல்ல பிள்ளையைத்தான் பெற்றிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது.

கால் வரையும்போதுதான் நான் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டுப் பார்த்தேன். கெண்டைக்காலை நீ நன்றாகத் திரட்டி, பருமனாக வரைந்திருந்தாய். "இவ்வளவு பெருசாவா போட்டே?" என்றேன். "ஓடிப் புடிக்கிற ஜந்துமா. பெருசா இருந்தாத்தானே பலம்?" என்றாய். "அப்படிச் சொல்ல முடியாது" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நீ பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "ஏன்மா?" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டில் நாம் இரண்டு பேர்தான். வாசலில் கேட்டைக்கூடப் பூட்டியிருந்தேன். நான் எழுந்து போய் ஐஸ்பெட்டியைத் துடைத்தேன்.

மறுநாள் நீ முதலைப் படங்களைப் பரப்பி வைத்தாய். யாரோ முதலையின் வாலை அறுத்துப் பிரித்து எடுத்த படங்கள். வாலிலிருந்து தொடை எலும்புக்கு ஓடுகிற ஒரு சதை முதலைக்கு என் கைப் பருமன் இருக்கிறது, கோழிக்கு நூல் மாதிரி மெலிந்துபோயிருக்கிறது என்று காட்டினாய். இந்தக் குட்டி டைனோசருக்கு அது இருந்ததா என்று நான் கேட்டேன், கேட்க வேண்டுமே என்று. "முதலையும் கோழியும் இதுக்குச் சொந்தம்மா. இந்தச் சொந்தத்துக்கும் இருக்கு, அந்தச் சொந்தத்துக்கும் இருக்கு. ரெண்டு பக்கமும் இருந்தா நடுவுல உள்ளதுக்கும் இருந்திருக்கும்னுதான் எடுத்துக்கணும். எலும்புல தடமும் இருந்துட்டா சந்தேகமே இல்ல" என்றாய். மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நீ ரப்பரால் எதையோ அழித்துக்கொண்டிருந்தாய். நான் உன் வயிற்றைப் பார்த்தேன். உனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம்.

இனி உண்மையைச் சொல்கிறேன். தேவா ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடந்தான். ஆம்பளைப் பிள்ளை சோம்பேறி, மெதுவாகத்தான் நடப்பான் என்றார்கள். ஐந்து வயதில் அவன் கெண்டைக்கால் இரண்டும் பெரியவர்களுக்கு இருப்பதுபோல் உருண்டு திரண்டிருக்கும். நாங்கள் அப்போது எஸ்டேட்டில் இருந்தோம், லயத்து வரிசை வீட்டில். நான் செம்பனை மரங்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன், அப்பா பழ லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஒரு நாள் தேவாவின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பந்து வெளையாடுற காலு தங்கச்சி, நாளைக்கு இவன் சிலாங்கூருக்கே ஆடுவான் பாரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவேன். அடுத்த வீட்டுக்காரி கண் வைத்துவிடுவாள் என்று கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினேன். அவன் தரையிலிருந்து எழுந்திருக்கிற விதத்தை மட்டும் நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கையைத் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறி நிற்பான். பார்க்காத மாதிரி இருந்தேன் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? அந்த மாதிரி எழுந்திருக்கிறதை நான் அதற்கு முன்னாலேயே இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் இருந்தார்கள். உனக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. நான் சொன்னதில்லை. அண்ணன் பதினான்கு வயதிலும் தம்பி பதினெட்டிலும் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் கால் விழுந்து, அப்புறம் கை விழுந்து, கடைசியில் மூச்சு விடச் சத்தில்லாமல் போனது. எல்லைச் சாமியின் கோபம் என்றார்கள். எனக்குக் கல்யாணம் பேசும்போது அந்த இரண்டு பிள்ளைகளும் பிறக்கவே இல்லை என்பதுபோல் வீட்டில் வாயை மூடிக்கொண்டார்கள். உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டால் வாழ்க்கை நடக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான். உனக்கும் அதையேதான் செய்தேன்.

தேவாவுக்கு ஏழு வயதில் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க வைத்தேன். கால் திடமாகட்டும் என்று நானே வேண்டிக்கொண்டது. ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை செம்மண் பாதை, வெறுங்கால். பாதி வழியில் "அம்மா, முடியலம்மா" என்றான். "சாமி காரியத்துல அப்படிச் சொல்லாதடா, நட" என்றேன். நடந்தான். கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்தான். குடம் உருண்டு பால் முழுவதும் மண்ணில் போனது. மேளம் நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ "அபசகுனம்" என்றார்கள். எல்லோரும் பார்க்க, கீழே கிடந்த பிள்ளையை நான் அறைந்தேன் மீனா. "எந்திரிடா, மானத்த வாங்காத, எந்திரி" என்று கத்தினேன். அவன் வழக்கம்போல் முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். வேட்டி ஈரமாகி வழுக்கியது, முடியவில்லை. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார். அந்த அடியை நான் இன்றைக்குவரை யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவர்களும் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை.

அதற்கு அடுத்த வருசம் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் வைத்துச் சொன்னார்கள். தசை தேய்ந்து அழிகிற நோய். டாக்டர் தேவாவின் கெண்டைக்காலைத் தொட்டு, இது சதை பலத்தால் பெருத்ததில்லை, சதை செத்துச் செத்து அந்த இடத்தில் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். நான் எண்ணெய் போட்டுத் தேய்த்த கால். அப்புறம், தாய் வீட்டில் ஆண் பிள்ளைகள் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவரிடம் சொன்னேன். வழியில் ஈஜோக் ஊர் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம், "பையன் முன்னால அழுவாத" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நோய் ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், பெண்கள் அதைச் சுமந்துகொண்டு சுகமாகவே இருப்பார்கள் என்று டாக்டர் விளக்கினார். தாயிடம் இருந்தால், பிறக்கிற பையனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறக்கிற பெண்ணும் அதைச் சுமக்கப் பாதிக்குப் பாதி. அதற்குப் பிறகு எதிர்பாராமல் நீ உண்டானாய். ஒன்பது மாதமும் நான் தூங்கவில்லை. பெண் என்று நர்ஸ் சொன்னதும், தப்பித்தோம் என்று கத்தி அழுதேன். லயம் முழுக்க இனிப்புக் கொடுத்தோம். உன்னைத் தூக்கிக்கொண்டு தேவாவின் செக்கப்புக்குப் போனபோது, அதே டாக்டர் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "இவ பெரியவளானதும், கல்யாணத்துக்கு முன்னால ரத்தம் டெஸ்ட் பண்ணணும், மறந்துடாதீங்க" என்றார். தலையாட்டினேன். மறக்கவும் இல்லை. அழைத்துப் போகவும் இல்லை.

இதில் உன் அப்பா மேல் ஒரு பழியும் கிடையாது. நீ காலேஜ் போன வருசத்திலிருந்து அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "அது படிச்ச புள்ள, புரிஞ்சுக்கும். சொல்லிடு" என்பார். நான்தான், அவளுக்கு ஓர் இடம் அமையட்டும், அமைந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். அவர் நெஞ்சு வலியில் போனபோது, இனி இதைச் சொல்லச் சொல்கிறவர் யாரும் இல்லை என்று ஒரு நிமிசம் நிம்மதிகூடப் பட்டேன். எப்படிப்பட்டவள் நான் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதையும் எழுதுகிறேன். அப்புறம் ரமேஷை நீயே கூட்டிக்கொண்டு வந்தாய். ரவாங்கிலிருந்து அவன் அம்மா பேச வந்த அன்று, சுவரில் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "பையன் ஒருத்தன் இருந்தான்னு சொன்னாங்களே, அவன் எப்படிங்க சம்பந்தி தவறினான்?" என்று கேட்டார். நீ தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாய். "காய்ச்சல்ங்க" என்றேன். அவர் "அடப்பாவமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுசி. அந்தக் கையை உதறாமல் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நீ படம் வரைந்து முடித்து ரவாங்குக்குத் திரும்பிய பிறகு, தேவாவின் பழைய மருத்துவ அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு தனியாக அதே கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். என் அண்ணன், தம்பி, தேவா என்று மூன்று பேரையும் முதல் தடவையாக ஓர் ஆளிடம் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெண் மூன்றையும் எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. இருக்கிறது மீனா. என் ரத்தத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் கோளாறு என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. அது தெரிந்தால் உன் ரத்தத்தில் தேடுவது சுலபமாம். "ஆண்ட்டி, உங்க மக எங்க இருக்காங்க? எப்ப வருவாங்க?" என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். அந்த அடுத்த வாரத்தை மூன்று வாரமாக இழுத்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்லலாம், இல்லை அடுத்த ஞாயிறு, உன் வேலை முடியட்டும், உன் பிறந்தநாள் போகட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நேற்று நீ போன் செய்துவிட்டாய்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை முதலில் ரமேஷிடம் கொடு. உனக்கு முன்னால் அவன் படித்தாலும் சரிதான். அவன் அம்மாவிடமும் காட்டு. அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும், எனக்காகப் பேசப் போகாதே. உன் மேல் தப்பில்லை என்பதை மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னிடம் அது இல்லாமலும் போகலாம். பாதி வாய்ப்பு அந்தப் பக்கமும் இருக்கிறது, அதை நானும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா தெரியாது. பெண் என்று சொன்னார்களானால் தப்பித்தோம் என்று மட்டும் நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆண் என்று சொல்லி, அதற்கும் இருக்கிறது என்று சொன்னால், அப்புறம் என்ன செய்வது என்பதை நீயும் ரமேஷும் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்காதீர்கள். இந்த விசயத்தில் என் பேச்சை யாரும் கேட்கக்கூடாது. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். பெற்று வளர்ப்பது என்றால் தூக்க, குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க என் கை இருக்கிறது, தேவாவுக்கு அதைப் பதினாறு வயதுவரை செய்து பழகிய கை. வேண்டாம் என்றால் அந்த நாளில் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கவும் வருவேன், நீ வரச்சொன்னால்.

இன்று காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மூன்று மாதம் என்றதும் உன்னைத் திங்கட்கிழமையே வரச்சொல்லிவிட்டார்கள். காலை ஒன்பது மணி. என் ரத்தத் தாளையும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், போனில் காட்டினால் போதுமாம். அசல் என் கைப்பையில் இருக்கிறது. முதல் பஸ்ஸில் ஏறி நானும் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ என்னிடம் பேச வேண்டாம். என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். என் கையிலிருந்து அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போ.

அம்மா